அக்கறையற்ற பார்வையாளர்

"எண்ணிக்கை, ஆய்வின் முடிவில் எவ்வித அக்கறையும் இல்லாத, சார்பற்ற பார்வையாளர்களால் மேற்கொள்ளப்பட்டது" என்று ஆய்வு மாணவர் கிஷோரின் கட்டுரையில் ஒரு வாக்கியம் வருகிறது. அந்தப் பார்வையாளர்களில் மூத்தவரான அனந்தலக்ஷ்மி இப்போது நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். இரண்டு கைகளிலும் எண்ணும் கருவிகள். கட்டைவிரலால் அழுத்தினால் எண் ஒன்று கூடும். கைகள் நிறைந்திருப்பதால் உற்சாகம் முழுவதும் காலுக்கு இறங்கி, செருப்பு தரையை உதைத்துக்கொண்டிருக்கிறது.

"வந்துடுத்து! இதோ, இங்கயும் வந்துடுத்து! பேஷ்டா ராஜா, சுத்தி வளைச்சுட்டான்! ச்சச்சச்ச... இங்க ஒரு பய வரலியே, அடப்பாவமே! ஆங், இது வந்துடுத்து!"

எதிரே இருக்கும் திரையில் எதுவும் அசையவில்லை. அசையவும் அசையாது. கறுப்புப் பின்னணியில் சிவப்புப் புள்ளிகள்; சில புள்ளிகளைச் சுற்றிப் பச்சை வளையம். வளையம் இருந்தால் வலக்கைக் கருவி, இல்லாவிட்டால் இடக்கைக் கருவி. அந்தச் செல்களை முந்தின வாரமே மருந்து ஊற்றி, இருந்தது இருந்தபடி நிறுத்தி, சாயமேற்றி, கண்ணாடித் தகடுகளில் ஒட்டியாகிவிட்டது. போன வாரம் முடிந்த ஆட்டத்துக்கு இந்த வாரம் ஆரவாரம் செய்யும் ரசிகர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருக்க வேண்டும்.

பெங்களூருவின் வடகோடியில் உள்ள ஓர் உயிரியல் ஆய்வு நிறுவனத்தில் நுண்ணோக்கி அறை அனந்தலக்ஷ்மியின் பொறுப்பு. ஐம்பத்து மூன்று வயது. பருத்திப் புடவை, அதன்மேல் மெரூன் ஸ்வெட்டர், அதன்மேல் வெள்ளை ஆய்வக அங்கி, காலில் சாக்ஸ் போட்டுச் செருப்பு. இயந்திரத்துக்குக் குளிர் வேண்டும் என்பதால் அறை எப்போதும் குளிர்ந்தே இருக்கும். மே மாத மத்தியான வெயிலில் சாப்பாட்டுக் கூடத்துக்கு ஸ்வெட்டரோடு வந்து, "என்னப்பா, இன்னிக்கு புழுங்கறது?" என்று கேட்பார். ஸ்வெட்டரைக் கழற்றலாமே என்று சொல்லும் துணிச்சல் இன்னும் யாருக்கும் வரவில்லை.

ஜோகுபாளையத்தில் வீடு. அங்கே இவரைத் தெரிந்தவர்களிடம் இந்த ஆரவாரத்தைச் சொன்னால் நம்பமாட்டார்கள். தெருவே கிரிக்கெட்டுக்குக் கூச்சலிடும் நாட்களில் அனந்தலக்ஷ்மி கூடத்தில் உட்கார்ந்து அவரைக்காய் உரித்துக்கொண்டிருப்பார். பட்டாசுச் சத்தம் கேட்டபிறகு, "யாரு, நம்மவாளா ஜெயிச்சா?" என்று ஒருமுறை விசாரிப்பார், பதிலுக்குக் காத்திருப்பதில்லை. "எங்காத்துல என் குரல்தான் பெரிசு" என்கிறார் கணவர் சீனிவாசராகவன். அவருடைய குரலைக் கேட்க நாமே குனிய வேண்டியிருக்கிறது. கரப்பான்பூச்சி வந்தால் அடிக்க மாட்டார் அனந்தலக்ஷ்மி. முறத்தில் ஏந்திக்கொண்டு போய் வேலிக்கு அப்பால் விட்டுவிட்டு வருவார். அது இரண்டாம் நாள் திரும்பி வரும். மறுபடியும் முறம். இதே கைகள்தாம் காலை ஒன்பதரைக்கு நுண்ணோக்கியின் முன் உட்கார்ந்து, ஓர் உயிரின் அழிவுக்காகத் துடிக்கின்றன.

அந்த உயிரின் பெயர் டாக்ஸோபிளாஸ்மா. ஒரே செல் கொண்ட ஒட்டுண்ணி. வெளியே தனியாக இதனால் பெருக முடியாது. இன்னொரு செல்லுக்குள் குடியேறினால்தான் பிழைப்பு. அது எப்படிக் குடியேறுகிறது என்பதை அண்டை வீட்டு ராதாவுக்கு அனந்தலக்ஷ்மி விளக்கியதைவிடத் தெளிவாக நாம் விளக்கிவிட முடியாது. ராதா தர்மபுரியிலிருந்து ஐ.டி. வேலைக்கு வந்தவர். ஆய்வகத்தில் வேலை என்றதும் தன் மாமியாரின் சர்க்கரைப் பரிசோதனை முடிவைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நான் சர்க்கரை பாக்கறவ இல்லடி. செல்லுக்குள்ள குடித்தனம் வரவனைப் பாக்கறவ. நம்ம அபார்ட்மென்ட்னு வெச்சுக்கோயேன். ஒருத்தன் புரோக்கர் இல்லாம, அட்வான்ஸ் இல்லாம உள்ள நுழையறான். நுழையறச்சேயே நம்ம சுவத்தையே இழுத்து மேல போத்திண்டு, அதுக்குள்ள தனியா ஒரு ரூம் பண்ணிக்கறான். ஹவுஸ்கீப்பிங் ஆளுங்க தெனம் அந்தப் பக்கமாத்தான் போறா. வெளியேந்து பாத்தா நம்ம சுவர், நம்ம பெயின்ட். நம்ம ரூம்தானேன்னு விட்டுட்டுப் போயிடறா. உள்ள அவன் ஒண்ணு ரெண்டாறான், ரெண்டு நாலாறான்."

"ஐயய்யோ. அப்புறம் ஆன்ட்டி?"

"அப்புறம் அசோசியேஷன் வாட்ஸாப்ல மெசேஜ் வரது. அதுக்குப் பேரு இன்டர்ஃபெரான். வெளியில ரோந்து சுத்தற செல்லு அனுப்பறது. இந்த மாதிரி திருட்டுக் குடித்தனம் நடக்கறது, உஷார்னு. அதைப் பாத்த உடனே செல்லு சில புரதங்களைப் பண்ண ஆரம்பிச்சுடும். எல்லாரும் கெளம்பிப் போய் அந்த ரூம் வாசல்ல கூடிடுவா."

"எங்க அசோசியேஷன் மீட்டிங்குக்கு செக்ரட்டரிகூட வரமாட்டாரு ஆன்ட்டி."

"இங்க வருவா! அதாண்டி அதிசயம்! ஆயிரக்கணக்குல வருவா! அந்த ரூமைச் சுத்தி ஒட்டிண்டு, இடம் விடாம மூடி, சுவத்தை ஒடைச்சுடுவா. சுவர் போச்சுன்னா அவன் அம்பேல். சில சமயம், வேற வழியே இல்லேன்னா, அபார்ட்மென்ட்டே தன்னை இடிச்சுண்டுடும். நானும் வேண்டாம், நீயும் வேண்டாம்னு."

ராதா சர்க்கரை முடிவை மறந்து வைத்துவிட்டுப் போனார். திரையில் தெரியும் சிவப்புப் புள்ளிதான் திருட்டுக் குடித்தனக்காரன். பச்சை, வாசலில் கூடிய புரதக் கூட்டம். அந்தப் புரதங்கள் ஒரு குடும்பம். மனித உடலில் ஏழு பேர். அவர்களில் ஒருவரைக் கட்டிக்கொண்டு ஆறாவது வருடமாக அழுகிறார் கிஷோர்.

கிஷோர் திருப்பத்தூர்க்காரர். ஒல்லி, தாடி, முதுகில் எந்நேரமும் ஒரு பை. உதவித்தொகை போன வருடத்தோடு நின்றுவிட்டது. பொம்மசந்திராவில் மோட்டார் உதிரிபாகத் தொழிற்சாலையில் வேலை பார்க்கும் அண்ணனின் அறையில் தங்கி, ஊரின் ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடிக்கு வந்துபோகிறார். ஒரு கட்டுரையாவது பத்திரிகையில் ஏற்கப்பட்டால்தான் ஆய்வேட்டைக் கொடுக்கலாம் என்பது நிறுவனத்தின் விதி. "அண்ணன் ஒண்ணும் கேக்கமாட்டாரு மேடம். எப்போ முடியும்னு ஒரு வார்த்தை கேக்கமாட்டாரு. அதான் தாங்க முடில" என்று ஒருமுறை அனந்தலக்ஷ்மியிடம் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து இந்தக் கட்டுரை வெளிவர வேண்டும் என்ற அக்கறை, கிஷோருக்கு அடுத்தபடி யாருக்கு என்று சொல்ல வேண்டியதில்லை.

கிஷோர் சொல்வது இதுதான்: குடும்பத்தில் தன்னுடைய புரதம்தான் அழைப்பவன். அவன் போய்க் குரல் கொடுத்தால்தான் மற்றவர்கள் வருவார்கள். அவனை நீக்கிவிட்ட செல்லில் ஒருவரும் வருவதில்லை, ஒட்டுண்ணி சுகமாகக் குடும்பம் நடத்துகிறது. பத்திரிகையின் மதிப்பீட்டாளருக்கு இது பிடித்திருந்தது. ஒரே ஒரு நிபந்தனை போட்டார். எந்தத் தகடு எந்தச் செல் என்று தெரியாத இருவர், தனித்தனியாக எண்ணிக் காட்ட வேண்டும்.

தகடுகளின் பெயர்மேல் நீல டேப் ஒட்டினார்கள். ஒருவர் அனந்தலக்ஷ்மி, இன்னொருவர் ஸ்னேஹா, மல்லேஸ்வரத்துப் பெண், முதல் வருட மாணவி. தனித்தனியாக உட்கார்ந்தால் நுண்ணோக்கி இரண்டு மடங்கு நேரம் வேண்டும். அந்த நேரத்தை அடுத்த மாதம்வரை மற்றவர்கள் பதிவு செய்திருந்தார்கள். ஆகவே ஒரே திரை, இரண்டு நாற்காலி. ஒருவர் கை இன்னொருவர் கண்ணில் படக் கூடாது அல்லவா? நடுவில் பெரிய அட்டைப் பெட்டியொன்றைப் பிரித்து நிற்கவைத்தார்கள். குளிர்பதனப் பெட்டி வந்த அட்டை. அதன் உயரம் போதுமா என்று ஆய்வகத் தலைவர் பத்ரிநாத்தே வந்து குனிந்து, நிமிர்ந்து, இரண்டு பக்கமும் உட்கார்ந்து பார்த்தார். போதும் என்றார். கண்ணுக்குச் செய்ய வேண்டிய ஏற்பாட்டில் ஒரு குறையும் இல்லை.

எண்ணி முடித்தார்கள். டேப்பைப் பிரித்தார்கள். கிஷோர் சொன்னதேதான். புரதம் இருந்த செல்களில் பச்சை வளையங்கள். இல்லாத செல்களில் அநேகமாக ஒன்றுமில்லை. அதைவிட அழகு, இரண்டு பேரின் எண்ணிக்கையும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. "இப்படி ஒத்துப்போய் நான் பார்த்ததே இல்லை" என்றார் பத்ரிநாத். திருத்திய கட்டுரையை வெள்ளிக்கிழமை அனுப்பிவிடலாம் என்று முடிவாகி, சாப்பாட்டுக் கூடத்தில் மைசூர்பாகு வந்தது.

அந்த மைசூர்பாகுக் கூட்டத்தில்தான் ஸ்னேஹா நடித்துக் காட்டினார். ஸ்வெட்டர் ஒன்றைக் கடன்வாங்கிப் போட்டுக்கொண்டு, நாற்காலி நுனியில் உட்கார்ந்து, இரண்டு கைகளிலும் இரண்டு மைசூர்பாகு வைத்துக்கொண்டு: "'வந்துடுத்து! பேஷ்டா ராஜா!' டக்! 'ச்சச்சச்ச, ஒரு பய வரலியே!' டக்! டக்!"

கிஷோர் மேசையில் சாய்ந்து சிரித்தார். பத்ரிநாத்துக்குக் காப்பி மூக்கில் ஏறியது. அனந்தலக்ஷ்மி கண்ணில் நீர் வரச் சிரித்தார். "கள்ளி! ஹாகே நன்ன தரானே மாட்தாளெ நோடு!" என்று, தன்னைப்போலவே செய்கிறாள் பார் என்பதைக் கன்னடத்தில் வேறு சொல்லிப் பாராட்டினார்.

"நிஜமாவே மேடம், டயர்டா இருக்கறச்சே நீங்க கத்தினா எனக்கு ஈஸியா இருக்கும். கை தானா அழுத்திடும்" என்றார் ஸ்னேஹா.

எல்லாரும் இன்னொருமுறை சிரித்தார்கள். அனந்தலக்ஷ்மி பாதியில் நிறுத்திவிட்டார். கையிலிருந்த மைசூர்பாகைத் தட்டில் திருப்பி வைத்தார்.

"ஸ்னேஹா, இன்னொரு தரம் சொல்லு."

"எதை மேடம்?"

"கை தானா அழுத்திடும்னியே."

"சும்மா ஜோக் மேடம்."

"ஜோக் இல்லடி. பெட்டியை நட்டு வெச்சோம். கண்ணை மறைச்சோம். காதை?"

கூடத்தில் இருந்தவர்களுக்கு இது மெல்லத்தான் உறைத்தது. கிஷோருக்கு முதலில் உறைத்தது. அதனால்தான் அவர் முதலில் பேசினார்.

"இன்னா மேடம் நீங்க. அந்தப் பொண்ணு கண்ணால பாத்துதான எண்ணிச்சு. ரெண்டு பேரு நம்பரும் ஒண்ணா வந்துச்சில்ல?"

"அதாண்டா பயமா இருக்கு. ஒண்ணா வந்ததே நான் கத்தினதாலயோ என்னமோ."

"விடுங்க மேடம். ஸ்டூடன்ட் ஒருத்தி விளையாட்டா சொன்னதை எல்லாம் எடுத்துண்டு..." என்று ஆரம்பித்த பத்ரிநாத், வாக்கியத்தை முடிக்கவில்லை. நல்ல விஞ்ஞானி. தவறு என்று தெரிந்த வாக்கியத்தை முடிப்பது அவருக்குக் கஷ்டம்.

"ரெண்டு பேர் எண்ணலை பத்ரி. நான் ஒருத்திதான் ரெண்டு தரம் எண்ணிருக்கேன்."

கிஷோர் எழுந்துவிட்டார். இவ்வளவு மெதுவாக அவர் பேசி யாரும் கேட்டதில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள அனுப்பணும் மேடம். அந்த ரிவ்யூவரு ஓகேன்னு ஒத்துகினா எல்லாம் முடிஞ்சுது. யாருக்கும் தெரியாது. யாரும் கேக்கவும் இல்ல."

"எனக்குத் தெரியறதேடா."

"ஒங்க வாய் மேடம். ஒங்க வாய்தான் என் தீசிஸை முழுங்கிச்சு."

"ஆமாம்" என்றார் அனந்தலக்ஷ்மி. சண்டைபோடத் தயாராக நின்றவருக்கு இது பெரிய ஏமாற்றம். கிஷோர் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டார். மைசூர்பாகு அப்படியே இருந்தது. வந்த வேகத்தில் அது தீர்ந்திருக்க வேண்டும்.

மறுநாள் முகேஷ் என்ற இன்னொரு மாணவர் தகடுகளைக் குலுக்கிப் புதிய டேப் ஒட்டிக் கொண்டுவந்தார். நுண்ணோக்கி நேரம்தான் பிரச்சினை. அனந்தலக்ஷ்மி ஒவ்வொரு ஆய்வகமாக ஏறி இறங்கினார். இருபது வருடமாக மற்றவர்களுக்கு நேரம் ஒதுக்கித் தந்தவர், தனக்கு என்று கேட்பது இதுவே முதல் தடவை. ஈயின் மூளையைப் பார்ப்பவர்கள் ஒரு காலைப் பொழுதை விட்டுக்கொடுத்தார்கள். நெல்வேரைப் பார்ப்பவர்கள் முனகிக்கொண்டே ஒரு மத்தியானத்தைக் கொடுத்தார்கள். முதல் தகட்டை வைத்து, குவித்து, விளக்கைச் சரிசெய்து, ஸ்னேஹாவை உட்காரவைத்துவிட்டு, அனந்தலக்ஷ்மி வெளியே வந்து கதவைச் சாத்தினார். அவர் இல்லாமல் அந்த அறையில் எண்ணிக்கை நடப்பது அதுவரை நடக்காத காரியம்.

வராந்தாவில் அவர் நின்ற நிலையைப் பார்த்தவர்கள், பிரசவ வார்டு வாசலில் நிற்கும் அப்பாக்கள் தேவலை என்றார்கள். குடிநீர்க் குழாயைத் திறந்தார், மூடினார். அறிவிப்புப் பலகையில் எப்போதோ முடிந்துபோன கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலை முழுவதும் படித்தார். ஒருமுறை கதவில் காதை வைத்துவிட்டு, தானே வெட்கப்பட்டு விலகினார்.

பாதியிலேயே கதவு திறந்தது. ஸ்னேஹாவின் முகத்தில் குழப்பம்.

"மேடம், எனக்கு ஒரு டவுட். இது எதுல சேர்த்தி?"

அனந்தலக்ஷ்மி, முகேஷ், சத்தம் கேட்டு வந்த பத்ரிநாத் என்று எல்லாரும் உள்ளே போனார்கள். இரண்டு நாளாகப் பேசாமல் வராந்தா மூலையில் உட்கார்ந்திருந்த கிஷோரும் வந்தார். திரையில் ஒரு சிவப்புப் புள்ளி. சுற்றிலும் வளையம் இல்லை. ஆனால் ஒரு பக்கத்தில் மட்டும், நகத்தைச் சீவிப் போட்டதுபோல் மெல்லிய பச்சை. மூன்றாம் பிறை.

"இது மூடினதா மேடம், மூடாததா? போன தரம் நீங்க 'ச்சச்ச' சொல்லுவேள், நானும் மூடலைன்னு அழுத்திடுவேன். இப்போ யாரும் ஒண்ணும் சொல்லலியா... முழிக்கிறேன்."

அனந்தலக்ஷ்மி ஸ்வெட்டர் கையை வாயில் திணித்துக்கொண்டு திரையைப் பார்த்தார். பிறகு கையை எடுத்தார்.

"இதெல்லாம் 'வரலை'ன்னு எண்ணினேனே! முழுசா மூடினாத்தான் எனக்குச் சந்தோஷம். பாதியில நிக்கறவனை நான் கண்ணெடுத்தே பாக்கலை!"

"சாயம் சரியா புடிக்கலை, அதான்" என்றார் கிஷோர். ஆனால் உட்கார்ந்துகொண்டார். அடுத்த இடத்துக்கு நகர்த்தினார். அங்கேயும் ஒரு பிறை. அடுத்தது வெறும் புள்ளி. அதற்கடுத்தது மறுபடி பிறை. "இன்னாது இது..." என்றார். அந்தக் குரலில் இப்போது கோபம் இல்லை. பத்ரிநாத் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார். ஐந்து தலைகள் ஒரு திரையை முட்டிக்கொண்டிருந்தன.

கேள்வி உடனே இரண்டாகப் பிரிந்துவிட்டது. பிறை என்பது வளையமாகப் போகிற வழியில் இருப்பதா? அல்லது அங்கேயே நின்றுவிட்டதா? நிறுத்திவைத்த படத்தில் இதற்குப் பதில் கிடைக்காது. ஓடுகிறவனும் நிற்கிறவனும் போட்டோவில் ஒன்றுதான். உயிரோடு இருக்கும் செல்லை, ஒட்டுண்ணி நுழைந்த நேரத்திலிருந்து தொடர்ச்சியாகப் படமெடுக்க வேண்டும். அது தனி வித்தை. செல்லுக்குச் சூடு வேண்டும், இயந்திரத்துக்குக் குளிர் வேண்டும். விளக்கு கொஞ்சம் அதிகமானாலும் செல் செத்துப்போகும், குறைந்தால் பச்சை தெரியாது. பத்ரிநாத் பத்திரிகைக்கு எழுதி அவகாசம் வாங்கினார். கொடுத்தார்கள். ஆனால் இதே குடும்பத்தின்மேல் வெளிநாட்டிலும் இரண்டு குழுக்கள் வேலை செய்கின்றன என்பது எல்லாருக்கும் தெரியும். அவர்களுக்கு அவகாசம் தேவைப்படவில்லை.

நுண்ணோக்கிக்கு ஒழிந்த நாள் ஞாயிறு மட்டும். அந்த ஞாயிற்றுக்கிழமை காலை அனந்தலக்ஷ்மி அல்சூரில் மெட்ரோ பிடித்து, மெஜஸ்டிக்கில் மாறி, பேருந்து ஏறி வந்து சேர்ந்தபோது கிஷோர் வாசலிலேயே நின்றிருந்தார். பொம்மசந்திராவிலிருந்து இவருக்கு முன்னால் வந்துவிட்டிருக்கிறார்.

"மேடம், அன்னிக்கு நான் பேசினது..."

"உன் தீசிஸை நான் முழுங்கினேனே, அதுவா? இன்னும் ஜீரணமாகலை. வா, பேக பேக, சீக்கிரம், செல்லு ஆறிடப் போறது."

அன்று அனந்தலக்ஷ்மி வேலை செய்ததைப் பார்த்தவர்கள் அவரை வேறு யாரோ என்று நினைத்திருப்பார்கள். பேச்சில்லை. விளக்கை ஒரு நூல் குறைத்தார், பார்த்தார், இன்னொரு நூல் குறைத்தார். முதல் தட்டில் செல்கள் சுருங்கிச் செத்தன. "போச்சு. இது என் தப்பு. அடுத்ததைக் குடு" என்றார். இரண்டாவதில் குவியம் நகர்ந்துவிட்டது. கிஷோர் தலையில் கைவைத்துக்கொண்டார். மூன்றாவது தட்டு நின்றது. பத்ரிநாத் டேப் ஒட்டிவைத்த அந்தத் தட்டில் எந்தச் செல் என்று இருவருக்கும் தெரியாது. ஒட்டுண்ணிகளை விட்டார்கள். படப்பதிவு ஆரம்பமானது. திரையில் முதல் சிவப்புப் புள்ளி ஒரு செல்லை முட்டி உள்ளே வழுக்கிக்கொண்டு போனபோது அனந்தலக்ஷ்மி எழுந்துவிட்டார்.

"எங்க போறீங்க மேடம்?"

"வெளியில. நான் இங்க இருந்தா உன்னையும் கெடுத்துடுவேன். குவியம் நகந்தா மட்டும் கூப்பிடு. என்ன நடக்கறதுன்னு சொல்லாதே. உன் மொகத்தையும் காட்டாதே."

இப்படியே இன்னும் சில ஞாயிறுகள் போயின. தட்டை வைப்பார், குவிப்பார், தொடங்கிவைப்பார், வெளியே போவார். எத்தனையோ காலம் கண்ணாடித் தகட்டில் செத்த செல்களுக்குக் கைதட்டியவர், உயிருள்ள செல்லில் அதே சண்டை நடக்கும்போது கதவுக்கு இந்தப் பக்கம் இருந்தார். அந்தப் படங்கள் எதையும் அவர் பார்க்கவில்லை. பார்க்க வேண்டும் என்ற ஆசை இல்லாமல் அல்ல. ராதாவிடம், "பக்கத்தாத்துல கல்யாணம், சமையல் நான் பண்றேன், சாப்பிட எனக்கு அனுமதி இல்லை" என்று அலுத்துக்கொண்டிருக்கிறார்.

கிஷோர் கட்டுரையை மறுபடி எழுதத் தொடங்கியபோது அனந்தலக்ஷ்மி அவரிடம் போய், பழைய எண்ணிக்கையில் தன்னுடையதை அடியோடு நீக்கச் சொன்னார். கொஞ்சமாவது வைத்துக்கொள்ளலாமே என்றார் கிஷோர். வேண்டாம் என்றார். நீக்கப்பட்டது.

அந்தப் படங்களைப் பார்த்து எண்ணும் நாள் வந்தது. ஸ்னேஹா மாடியில் ஓர் அறையில், முகேஷ் தரைத்தளத்தில் இன்னொரு அறையில். இருவர் காதிலும் சத்தத்தை அடைக்கும் பஞ்சு. அது பத்ரிநாத்தின் ஏற்பாடு. ஏற்பாடு என்று வந்துவிட்டால் அவர் குறைவைப்பதில்லை. அனந்தலக்ஷ்மியை மட்டும் கட்டடத்துக்கு வெளியே, வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரச் சொல்லிவிட்டார்கள். உட்கார்ந்தார். மழை தூறியது. உள்ளே வரவில்லை, குடையை விரித்துக்கொண்டார்.

மத்தியானம் தாண்டியபிறகு கிஷோர் வெளியே வந்தார். ஓடி வந்தார் என்றுதான் சொல்ல வேண்டும். படியில் ஒரு காலிலிருந்து செருப்பு கழன்றுபோனது, அதை எடுக்கவில்லை.

"மேடம்! நான் சொன்னது தப்பு மேடம்!"

இவ்வளவு சந்தோஷமாக ஒருவர் இதைச் சொல்லிக் கேட்பது அபூர்வம்.

"என்னடா, நின்னு சொல்லு."

"அவன் கூப்புடுறவன் இல்ல. அவன் இல்லாத செல்லுலயும் மத்தவங்கல்லாம் வராங்க, அதே நேரத்துக்கு கரெக்டா வராங்க! ஆனா வந்து ஒரு பக்கமாவே நின்னுகினு இருக்காங்க. பிறை அப்படியே நிக்குது. பரவ மாட்டேங்குது. உள்ள அவன் பாட்டுக்கு ரெண்டாயி நாலாவுறான். நம்ம ஆளு இருந்தாத்தான் பிறை வளந்து சுத்தி வருது. கூப்புடுறது வேற யாரோ மேடம். இவன் இழுத்துகினு போய்ச் சுத்தி நிறுத்தறவன்!"

"ரெண்டு பேரும் ஒரே மாதிரி எண்ணினாளா?"

"அங்கங்க வித்தியாசம் இருக்கு. கொஞ்சம் இருக்கு. ஆனா ரெண்டு பேருக்குமே இதான் வந்துச்சு."

"வித்தியாசம் இருக்கா?"

"இருக்கு மேடம்."

"அப்பாடா" என்றார் அனந்தலக்ஷ்மி. குடையை மடக்கினார்.

"டேப்பெல்லாம் பிரிச்சாச்சு, நம்பரு எழுதியாச்சு, சார் கையெழுத்தும் போட்டாச்சு. எழுந்திருங்க. உள்ள வாங்க. இப்ப நீங்க எவ்ளோ வேணா கத்தலாம்."

இருட்டறையில் அவருக்கு நடு நாற்காலி. கிஷோர் முதல் ஞாயிற்றுக்கிழமையின் படத்தை ஓடவிட்டார். புரதம் இருக்கும் செல் அது. ஒரு சிவப்புப் புள்ளி உள்ளே வழுக்கியது. நமது சுவரைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தது. சற்று நேரம் ஒன்றுமில்லை. பிறகு இடப்பக்கம் ஒரு பச்சைப் பிறை முளைத்தது. நின்றது. அசைந்தது. விளிம்பு நீண்டு மேலே ஏறி, வளைந்து, பின்பக்கமாக இறங்கி, புறப்பட்ட இடத்தைத் தேடிக்கொண்டு வந்தது. இரண்டு முனைகளும் சேர்ந்தன. சுவர் உடைந்து பச்சை சிதறியது. உள்ளே இருந்த சிவப்பு சுருங்கி மங்கியது.

அனந்தலக்ஷ்மி எழுந்து நின்று, கட்டடம் முழுவதும் கேட்கும்படி, "வந்துடுத்து!" என்று கத்தினார்.